மதாம் போர்க்கொடி

காலை ஆறரைக்கு வானொலி சொல்கிறது:
நீர்த்தேக்கம் எழுபத்தொரு விழுக்காடு.
என் குழாய் சொல்கிறது: காற்று.
இரண்டும் உண்மைதான்.
குடிநீர் வடிகால் வாரியம், மதுரைக் கோட்டத்தில்
முப்பத்திரண்டு வருடம்
இதே இரண்டு வாக்கியங்களை நானே எழுதிக்
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கியூர்பீப்பில் மழைக்கு வேறு வேலை கிடையாது.
சன்னலில் மழை, பேருந்துப் படியில் மழை,
நான்கு நாளாகக் காயாத உள்பாவாடையில் மழை.
குடத்தில் மட்டும் இல்லை.
"கடல் தெரிகிறதாம்மா?" என்கிறாள் மகள்.
வாடகை குறைவென்று மேட்டில் குடியேறியவளுக்குக் கடல்
பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம்.

பத்திரிகை பிரெஞ்சில் வருகிறது.
அகராதியும் வனிலாத் தேநீருமாக
ஒரு பத்திக்கு ஒரு கோப்பை.
புதிய மேம்பாலம்: வளைவு தப்பு.
லிச்சி விலை: கொள்ளை.
புயல், மூன்றாம் எச்சரிக்கை: நாடே கதவடைத்துக் காத்திருந்தது,
வெயில் அடித்தது.
மெட்ரோ நேரத்துக்கு வருகிறது;
குறை சொல்ல எதுவுமில்லை என்பதில்
எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது.
ரொட்டிக் கடைக் கல்லாவில் சினாப்பென்
அதைத் தடவிக் காட்டி
"எங்கள் பாஷை" என்கிறான், கிரெயோலில்.
சின்னப்பன்தான். கப்பலில் வந்தபோது
ஒரு மெய்யெழுத்து நனைந்து போயிற்று.
என் பெயருக்கோ ஒன்று கூடிவிட்டது.
பொற்கொடி என்றால் வாய் வளையவில்லை.
மதாம் போர்க்கொடி என்கிறார்கள்,
அர்த்தம் தெரியாமல், மிகச் சரியாக.

தெருமுனையில் மிசியே ஃபோக் கடைக்கு எதிரே
பிரதானக் குழாயில் ஒரு கசிவு.
வார்ப்பிரும்பு, நூற்றைம்பது மில்லிமீட்டர்,
இணைப்பில் விரிசல்.
தோண்ட வேண்டாம், சத்தம் போதும் எனக்கு.
பத்து லிட்டர் வாளி வைத்து அளந்தேன்:
தொண்ணூற்றாறு வினாடி.
நாளைக்கு ஒன்பதாயிரம் லிட்டர்
சாக்கடைக்கு.

பதினோரு கடிதம் எழுதினேன்.
ஒன்பதாவதைப் பத்திரிகை போட்டது,
திருவாளர் போர்க்கொடி என்று.
மறுவாரம் யாரோ ஒருவர் பதில்:
"பிடிக்கவில்லையென்றால் பெரியவர் ஊருக்குத் திரும்பலாம்."
கோபம் வந்தது. மத்தியானத்துக்குள் தணிந்தது.
வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த
வங்கி மேலாளர் ஒருவரிடம்
இதை நானே சொல்லியிருக்கிறேன்,
இதைவிட நல்ல இலக்கணத்தில்.

செவ்வாய்க்கிழமை வந்தார்கள்.
மூன்று ஆள், ஒரு இயந்திரம்.
இணைப்பில்தான் விரிசல்.
குடை பிடித்து நின்று பார்த்தேன்.
அன்றிரவு பத்துக்கு என் குழாய் இருமி
அரைக் குடம் தந்தது.

புதன்கிழமை கவனித்தேன்.
அந்தக் கசிவில் காய்கறி கழுவுகிற மதாம் ஜெர்வேஸ்
இரண்டு டப்பாக்களோடு மேட்டுத்தெரு ஏறுகிறாள்.
சாக்கடையோரம் மிசியே ஃபோக் வளர்த்த கிரெசோன் கீரை
தண்டு மடங்கிவிட்டது.
ஓட்டத்தில் வேரூன்றுவது அது,
மழையை நம்பாது.
மூன்று கால் நாய் வந்து
காய்ந்த சிமென்ட்டை முகர்ந்து போயிற்று.
யாரும் என்னைத் திட்டவில்லை.
கடையில் கீரை கேட்டேன்.
"முடிந்தது, மதாம்" என்றார் மிசியே ஃபோக்,
சில்லறையைச் சரியாக எண்ணி வைத்து.

என் கணக்கில் பிழையில்லை.
ஒன்பதாயிரம் லிட்டர் ஒன்பதாயிரம் லிட்டர்தான்.
கணக்கெழுதிய தாளை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

நேற்றிரவு, கடை அடைத்தபின்
விளக்குக் கம்பத்துக்குக் கீழே
தரை சற்றுக் கறுத்துத் தெரிந்தது.
செருப்பைக் கழற்றிக் காலால் தொட்டேன்.
ஈரம்.
உள்ளே மெல்லிய சத்தம், புதிய இணைப்பிலிருந்து.
வாளி எடுக்க வீட்டுக்குப் போகவில்லை.

யாராவது கேட்டால்
மழை என்று சொல்லிவிடலாம்.
கியூர்பீப்பில் நம்புவார்கள்.